கை பேசும் எண்கள்

எண்ணையும் எழுத்தையும் வாழும் உயிர்களுக்குக் கண்கள் எனக் கொண்டவர் திருவள்ளுவர். கேள்விக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்த அப்பெருமகனார், எண்ணைப் பற்றிக் கூறுமிடத்தில் செவியை நாடாது கண்ணையே நாடினார். ஆயினும் தமிழர் தம் பிள்ளைகளுக்கு எண்ணைக் கற்பித்த வழி நெடுங்காலமாகச் செவிவழியாகவே இருந்து வந்துள்ளது. ஆசிரியர் சொல்ல, மாணாக்கர் கேட்டுத் திருப்பிச் சொல்ல, அவ்வோசை மனத்தில் படிந்து கணக்காக நிலைத்தது. அங்ஙனமாயின், ஓசையே புகாத செவியோடு பிறந்த பிள்ளையின் மனத்தில் எண் எவ்வாறு நிலைபெறும்? இவ்வினாவிற்கு உலகம் விடை தேடிய வரலாறு நீண்டது. துயரமும் தெளிவும் கலந்தது. மலேசியத் தமிழாசிரியரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

ஓதலும் விரலும்

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவை மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டன. முழு எண்களின் பெருக்கல் வாய்பாட்டோடு அப்பயிற்சி நின்றுவிடவில்லை. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என இறங்கி, முந்நூற்று இருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரையிலும் கீழ்வாய் இலக்கங்கள் பிள்ளைகளின் நாவில் தவழ்ந்தன. சட்டாம்பிள்ளை முன்மொழிய, ஏனையோர் பின்மொழிவர். ஓசையின் ஏற்ற இறக்கம் ஒன்றன்பின் ஒன்றாக எண்களை இழுத்துக்கொண்டு வரும். நடுவில் ஓர் எண் மறந்துபோயினும், முன்வரியின் சந்தம் அதனை மீட்டுத் தரும்.

இம்முறையில் நாவிற்கும் செவிக்கும் உரிய புகழ் கிடைத்தது. விரலின் பங்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை. பிள்ளை வாயால் ஓதிய அதே வேளையில், தரையிற் பரப்பிய மணலில் விரலால் எழுதியும் வந்தது. ஓசை செவியில் பதிய, வடிவம் விரலில் பதிந்தது. 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவில்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர், உள்ளூர்ச் சிறுவர் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு வியந்து, தம் இல்லத்திலும் அதனைப் புகுத்தினார். மாணாக்கரே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையோடு அதனையும் இணைத்து, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அவர் நெறி இங்கிலாந்தின் பள்ளிகள் பலவற்றில் பரவியது. தமிழ்ப் பிள்ளையின் விரல் கடல் கடந்து பாடம் சொன்ன செய்தி இது.

எனவே, எண் நினைவு என்னும் வண்டிக்கு இரண்டு மாடுகள் பூட்டப்பட்டிருந்தன: ஒன்று ஓசை, மற்றொன்று கை. காது கேளாத பிள்ளைக்கு ஒரு மாடு இல்லை. மற்றொரு மாட்டையாவது பூட்டி ஓட்டலாமே என எண்ணுவதுதான் இயல்பு. உலகக் கல்வி வரலாற்றிலோ நெடுங்காலம் இதற்கு மாறான செயலே நிகழ்ந்தது.

ஒரு நகரின் பல கைகள்

ஜொகூரின் நடுப்பகுதியில் அமைந்த குளுவாங் நகரம், பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லால் பெயர் பெற்றது. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 1909ஆம் ஆண்டில் முழுமை பெற்ற இருப்புப்பாதை அந்நகரின் வளர்ச்சிக்கு வழி திறந்தது. சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன; தோட்டங்களில் தமிழர் குடியேறினர்; மெங்கிபோல், நியோர், லம்பாக் முதலிய தோட்டங்களின் பெயரைத் தாங்கித் தமிழ்ப்பள்ளிகளும் தோன்றின. தோட்ட வாழ்வு விடியற்காலைப் பெரட்டில் தொடங்கி, பால் நிறுக்கும் கொட்டகையில் முடிந்தது. ஆள் கணக்கு, மரக் கணக்கு, பால் கணக்கு, கூலிக் கணக்கு என எண்கள் அவ்வாழ்வை நான்கு புறமும் சூழ்ந்திருந்தன. கிராணியின் பேரேட்டில் ஏறுமுன் அவை பாட்டாளியின் விரல்களில்தாம் இருந்தன.

தமிழரின் விரற்கணக்கு விரல்களை நீட்டுவதோடு அமைவதில்லை. பெருவிரலால் ஏனைய நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணும் வழக்கமும் உண்டு. விரலுக்கு மூன்று கணுவாக நான்கு விரல்களில் பன்னிரண்டு வரை ஒரே கையால் எண்ணிவிடலாம். அதே நகரின் சீனர் ஒருவர், ஒரு கையாலேயே பத்து வரை காட்டும் வேறொரு மரபைக் கொண்டிருப்பார். பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நீண்டிருந்தால் அவர் மரபில் அது ஆறு. தமிழகத்து மாட்டுச் சந்தைகளிலோ, தரகர்கள் துண்டின் மறைவில் ஒருவர் விரலை ஒருவர் பற்றி விலை பேசுவர். கண்ணும் காணாது, செவியும் கேளாது, தொடு உணர்வால் மட்டும் பேரம் முடியும்.

ஆயின் இவற்றையெல்லாம் சைகை மொழி எனக் கருதிவிடலாகாது. இவை பேசத் தெரிந்தோர் தம் பேச்சிற்குத் துணையாகக் கொண்ட குறிகள். சைகை மொழி என்பது தனக்கென இலக்கணமும் சொல்வளமும் உடைய முழுமொழி. கையின் வடிவம், கை நிற்கும் இடம், கையின் அசைவு ஆகியவற்றின் சேர்க்கையால் அதன் சொற்கள் அமைகின்றன என்பதை 1960ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஸ்டோக்கி ஆராய்ந்து காட்டினார். அதற்குமுன் அறிஞருலகமே அதனை மொழியென ஏற்கத் தயங்கியது.

கைகளுக்கு விழுந்த கட்டு

ஐரோப்பாவிலும் கையால் எண்ணைக் காட்டும் கலை பழமையானது. கி.பி. 725ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் துறவியான பீட் இயற்றிய காலக்கணித நூலில், இரு கைகளின் விரல்களை மடக்கியும் நீட்டியும் 9,999 வரை காட்டும் முறை விளக்கப்பட்டுள்ளது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் துறவி பேத்ரோ போன்சே டி லியோன் காது கேளாத உயர்குடிப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். 1620ஆம் ஆண்டில் அதே நாட்டின் ஹுவான் பாப்லோ பொனே கையெழுத்து வரிசையைப் படங்களுடன் அச்சிட்டார். எழுத்து ஒவ்வொன்றிற்கும் ஒரு கை வடிவம் காட்டுவது அவ்வரிசை. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசு நகரில் லெப்பே அடிகளார், காது கேளாதோர் தமக்குள் வழங்கிவந்த சைகைகளைக் கற்று, அவற்றையே அடிப்படையாகக் கொண்டு பள்ளி நடத்தினார். அம்மரபில் வந்த லொரான் கிளர்க் என்னும் காது கேளாத ஆசிரியர் தாமஸ் காலடெட்டுடன் அமெரிக்கா சென்று, 1817ஆம் ஆண்டில் ஹார்ட்ஃபோர்டு நகரில் பள்ளி தொடங்கத் துணைநின்றார்.

இவ்வாறு மலர்ந்துவந்த கல்வியின்மேல் 1880ஆம் ஆண்டில் இடி விழுந்தது. இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பேச்சு முறையே உயர்ந்தது, சைகை தவிர்க்கப்பட வேண்டும் எனத் தீர்மானித்தது. வாக்களிக்க வந்தோர் 164 பேர். அவர்களுள் காது கேளாதவர் ஒரே ஒருவர். அதன்பின் பல நாடுகளின் பள்ளிகளில் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. கைமேல் அமர்ந்திருக்குமாறு பணிக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. சைகை காட்டியதற்காகத் தண்டனை பெற்ற பிள்ளைகளும் உண்டு. ஆசிரியரின் உதட்டசைவைக் கூர்ந்து நோக்கி, தமக்குக் கேளாத ஓசையைத் தம் வாயால் எழுப்ப முயல்வதிலேயே கல்விக் காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அத்தீர்மானத்திற்கு வருத்தம் தெரிவிக்க 130 ஆண்டுகள் சென்றன. 2010ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அதே வரிசை மாநாடு, பழைய தீர்மானங்களைப் புறந்தள்ளியது.

மலேசிய மண்ணில்

1954ஆம் ஆண்டு இவ்வட்டாரத்திற்குக் குறிப்பிடத்தக்க ஆண்டாகும். அவ்வாண்டில்தான் பினாங்கில் காது கேளாத பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி தோன்றியது. தஞ்சோங் பூங்காவில் நிலைபெற்ற அப்பள்ளி, அக்கால உலக வழக்கையொட்டிப் பேச்சு முறையையே மேற்கொண்டது. அதே ஆண்டில் சிங்கப்பூரில், ஷாங்காயிலிருந்து வந்த பெங் சூ யிங் என்னும் காது கேளாத பெரியவர் சீனர் சைகைப் பள்ளியை நிறுவினார். ஒரே ஆண்டில் பிறந்த இரு பள்ளிகளுள் ஒன்று நாவை நம்பியது. மற்றொன்று கையை நம்பியது.

அந்நாளில் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் காது கேளாத பிள்ளை பிறந்திருப்பின், அதன் பெற்றோர் முன் இருந்த வழியை எண்ணிப் பார்த்தல் தகும். நாட்டின் தென்கோடி மாநிலத்திலிருந்து புறப்பட்டு, கிம்மாஸ், கோலாலம்பூர், ஈப்போ எனக் கடந்து, கடலையும் தாண்டிப் பினாங்கிற்குச் செல்ல வேண்டும். நாட்கூலியில் வாழ்ந்த குடும்பத்திற்கு அது எளிய பயணமா? அங்ஙனம் சென்று சேர்ந்த பிள்ளைகளும் வகுப்பறையில் உதட்டசைவையே கற்றனர். ஆனால், அடக்கிவைத்த ஊற்று வேறிடத்தில் பீறிடுவதுபோல, வகுப்பிற்கு வெளியே அப்பிள்ளைகள் தாமே ஒரு கைமொழியைப் படைத்துக்கொண்டனர். பினாங்குச் சைகை மொழி எனப் பின்னர் அறியப்பட்ட அம்மொழியின் ஆசிரியர்கள் அப்பள்ளிப் பிள்ளைகளே ஆவர்.

1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காலடெட் கல்லூரியைச் சேர்ந்த பிரான்சஸ் பார்சன்ஸ் அம்மையார் இங்கு வந்து, கை, உதடு, எழுத்து, ஓசை எனக் கிடைக்கும் வழிகள் அனைத்தையும் பயன்கொள்ளும் முழுத்தொடர்பு முறையை எடுத்துரைத்தார். 1978ஆம் ஆண்டில் கல்வித்துறை அம்முறைக்கு மாறியது. மலாய் மொழியின் சொல்லொழுங்கைக் கையால் காட்டும் குறிமுறையும் உருவாயிற்று. அமெரிக்கச் சைகை மொழியின் தாக்கமும் உள்நாட்டுப் பிள்ளைகளின் படைப்பும் கலந்து வளர்ந்த மலேசியச் சைகை மொழி, 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெற்றது.

எண் ஏன் நழுவுகிறது?

சைகை மொழியைப் புதிதாகக் கற்போர்க்கு மரம், வீடு, தாய் போன்ற சொற்களைவிட எண்கள் அதிகத் தொல்லை தருகின்றன. அமெரிக்கச் சைகை மொழியின் எண்களை எடுத்துக்கொள்வோம். பெருவிரல் சுண்டுவிரலைத் தொட்டு, மற்ற மூன்று விரல்களும் நிமிர்ந்திருந்தால் ஆறு. மோதிரவிரலைத் தொட்டால் ஏழு. நடுவிரலைத் தொட்டால் எட்டு. சுட்டுவிரலைத் தொட்டால் ஒன்பது. நான்கிற்கும் வேறுபாடு ஒரு விரல் நகர்வு மட்டுமே. தமிழர்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்று என்று காட்டத் தமிழர் பலர் சுண்டுவிரலைப் பெருவிரலால் மடக்கிப் பிடித்து, நடுவிலுள்ள மூன்றை நிமிர்த்துவர். அம்மொழியில் அஃது ஆறு. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர, கடைசி மூன்றை நிமிர்த்துவோரும் உளர். அஃது ஒன்பது. அம்மொழியின் மூன்றோ பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றால் ஆவது. பழகிய கை புதிய மொழிக்குப் பகையாகும் இடம் இதுவே.

ஒத்த வடிவுடையவை நினைவில் ஒன்றோடொன்று மயங்கும் என்பது உளவியலார் கண்ட உண்மை. கண்ணால் கண்ட எழுத்துகளையும் மக்கள் ஓசை ஒப்புமையால் மாற்றி நினைவுகூர்கின்றனர் என்பதை 1964ஆம் ஆண்டில் கான்ராட் என்பவர் காட்டினார். தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. தொண்ணூறு என்னும் சொல்லில் நூறு ஒலிக்கிறது; தொள்ளாயிரம் என்பதில் ஆயிரம் ஒலிக்கிறது. அவ்வொலியில் மயங்கித் தொண்ணூற்றை நூற்றுக்கு மேல் வைக்கும் சிறுவரைத் திருத்திய ஆசிரியர், சைகையில் ஏழை எட்டென வாசிக்கும் மாணவரையும் புரிந்துகொள்வார்.

கேட்ட எண்களை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லும்போது, ஏறத்தாழ ஏழுக்கு மேல் மனம் தாங்குவதில்லை என்பது ஜார்ஜ் மில்லரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரையால் பரவலாக அறியப்பட்டது. 2004ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் சைகை மொழியாளரைச் சோதித்தனர். எண்களின் கைவடிவங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அவர்களுக்கு எழுத்துகளைக் கொடுத்தே சோதித்தனர். அவர்கள் வரிசையாக நினைவுகூர்ந்தவை ஐந்து அளவினவாகவே இருந்தன. இதனைக் கொண்டு அவர்தம் அறிவைக் குறைத்து மதிப்பிடுதல் பிழையாகும். பொருளோடு மொழியைக் கையாண்டுகொண்டே நினைவில் வைக்கும் சோதனையில் அவர்கள் கேட்கும் திறனுடையோர்க்கு இணையாகவே நின்றனர். வரிசையைப் பிணைத்து வைப்பதில் ஓசைக்குத் தனி வலிமை உண்டு. கைக்கு வேறு வலிமைகள் உண்டு. ஓசைக்குரிய முறையிலேயே கையையும் பழக்கினால் குறை தோன்றுவது இயல்பே.

வரிசை இல்லையேல் எண் இல்லை

இவ்வரலாற்றில் ஆசிரியர் மனத்தை மிகவும் தொட வேண்டிய செய்தி 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. மத்திய அமெரிக்க நாடாகிய நிக்கராகுவாவில், பள்ளியும் சைகை மொழியும் கிடைக்கப்பெறாமல், வீட்டாரோடு தாமே ஆக்கிய குறிகளால் பேசி வளர்ந்த காது கேளாத பெரியவர்கள் சிலரை ஆய்வாளர் சந்தித்தனர். அவர்கள் உழைத்துப் பிழைப்பவர்கள், பணம் புழங்குபவர்கள், எண்ணிக்கையைக் காட்ட விரல்களையும் நீட்டுபவர்கள். ஆயினும் மூன்றுக்கு மேற்பட்ட பொருள்களைக் காட்டும்போது அவர்கள் நீட்டிய விரல்கள் சரியான எண்ணிக்கையைத் தவறாது காட்டவில்லை, ஏறத்தாழ அமைந்தன. ஒழுங்கான சைகை மொழி கற்ற காது கேளாதோர்க்கு அத்தகைய குறை காணப்படவில்லை.

இதன் பொருள் யாது? விரல்கள் இருந்தால் மட்டும் எண் வந்துவிடாது. ஒன்று, இரண்டு, மூன்று என மாறாத வரிசையொன்றை இளமையிலேயே மனத்தில் நிறுத்தியவருக்கே ஏழு என்பது ஆறுமன்று, எட்டுமன்று, ஏழே எனத் துலங்கும். திண்ணைப் பள்ளியில் பொருள் விளங்குமுன்னரே வரிசையை ஓதவைத்த பழைய ஆசிரியர்கள் இவ்வுண்மையைத் தொழிலால் அறிந்திருந்தனர் எனலாம். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழியை மறுத்த கல்வி, பேச்சை மட்டுமன்றி எண்ணையும் ஆபத்திற்கு உள்ளாக்கியது. கூலியைச் சரிபார்க்க இயலாத, விலையை ஐயுற இயலாத வாழ்விற்கு ஒரு மனிதனைத் தள்ளுவது சிறு தீங்காகுமோ?

கற்பிக்கும் வழி

ஓசையின் இடத்தில் அசைவை வைத்தால் எண்சுவடி மரபு கைக்கும் பொருந்தும். முதலாவதாக, வரிசை. ஒன்று முதல் பத்து வரை ஒரே சீரான தாளத்தில், கை நிற்காமல் காட்டிப் பழக வேண்டும். ஆறிலிருந்து ஒன்பது வரை பெருவிரல் சுண்டுவிரலில் தொடங்கிச் சுட்டுவிரல் வரை படியேறுவதைப் பிள்ளை தானே உணரும். அவ்வுணர்வே அதற்குச் சந்தம். வரிசை பழகியபின் தலைகீழாகவும் இடையிட்டும் காட்ட வேண்டும்.

இரண்டாவதாக, காட்டுவதைவிடக் காண்பதில் அதிகப் பயிற்சி வேண்டும். புதிதாய்க் கற்போர் தாம் காட்டும் எண்ணைச் சரியாகக் காட்டிவிடுவர். பிறர் விரைந்து காட்டும் எண்ணை வாசிக்கும்போதே தடுமாறுவர். கண்ணாடி முன் தனியே பழகுவதைவிட இருவராய் அமர்ந்து, ஒருவர் காட்ட மற்றவர் எழுதுவது பயன் தரும்.

மூன்றாவதாக, நீண்ட எண்ணைத் துண்டாக்கிப் பொருளோடு பிணைக்க வேண்டும். தொடர்பற்ற ஏழு இலக்கங்கள் சிதறும். அவையே ஒரு விலையாகவும் ஒரு நாளாகவும் ஒரு வீட்டெண்ணாகவும் அமைந்தால் நிற்கும். அமெரிக்கச் சைகை மொழியில் மூன்று வாரம் என்பதற்கு எண் வேறு, வாரம் வேறு எனக் காட்ட வேண்டுவதில்லை. மூன்றின் கைவடிவத்தோடு வாரத்தின் அசைவைச் செய்தால் ஒரே சைகையில் இரண்டும் அடங்கும். மேலும், இடக்கை விரல்களை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என நிறுத்தி, வலக்கையால் ஒவ்வொன்றையும் தொட்டுச் செய்திகளை அடுக்கும் வழக்கமும் அம்மொழியில் உண்டு. இடக்கையே ஏடாகிவிடுகிறது. கணு தொட்டு எண்ணிய தமிழர் கைக்கு இது தொலைவான பழக்கமன்று.

யாவற்றிற்கும் மேலாக, ஒரு நாட்டின் கை எண்கள் மற்றொரு நாட்டின் கை எண்களோடு முற்றும் ஒத்திரா. ஆதலின் மலேசியச் சைகை மொழியை அதனையே தம் மொழியாகக் கொண்டு வாழும் காது கேளாதோரிடம் நேரே கற்பதே முறை.

முதற்பாலம்

காது கேளாத தமிழ்ப் பிள்ளை சிறப்புப் பள்ளியில் பயில்வது தேசிய மொழியை ஒட்டிய கல்வி. வீட்டில் தாயும் தந்தையும் பேசுவதோ தமிழ். இடையில் விழும் பள்ளத்தில் பல குடும்பங்களின் உரையாடல் வற்றிப்போகும் ஆபத்து உண்டு. அங்கே எண் ஓர் அரிய பாலமாகிறது. ஏழு எனக் காட்டும் கை தமிழும் பேசாது, மலாயும் பேசாது. இரு மொழியாருக்கும் ஒன்றாகவே விளங்கும். எத்தனை மணிக்கு வருவாய், எத்தனை வெள்ளி வேண்டும், உன் வயதென்ன எனத் தாய் கேட்கவும் பிள்ளை விடையிறுக்கவும், கொஞ்சம் எண்ணும் ஒரு வினாக்குறிப்பும் போதும்.

குளுவாங்கிலும் பிற ஊர்களிலும் உள்ள தமிழ்ப்பள்ளி வகுப்பொன்றில், காது கேளாத தங்கையையோ தம்பியையோ உடைய மாணவர் அமர்ந்திருக்கக்கூடும். அம்மாணவருக்கும் அவர்தம் தோழருக்கும் கணித வகுப்பின் சில மணித்துளிகளில் ஒன்று முதல் நூறு வரை கையால் காட்டக் கற்பித்தால், அன்று மாலையே ஒரு வீட்டில் புதிய உரையாடல் பிறக்கும். மிலான் நகரம் அடக்கிய கைகளைத் தமிழாசிரியர் விடுவிக்க இதனினும் எளிய தொடக்கம் வேறில்லை. எண்ணைக் கண் என்று வள்ளுவர் சொன்னார். அக்கண்ணால் காண வேண்டிய பிள்ளைக்குக் கையால் எழுதிக் காட்டும் கடமை ஆசிரியருடையது.